ஹீட்டர் விளக்கு அணையும் வரை

என் கடையில் ஒரு விதி இருந்தது. பெட்ரோல் துணி பிடித்து ஸ்டார்ட் செய்த டீசல் வண்டியில் நான் கை வைக்க மாட்டேன். போர்டில் எழுதிப் போட்டதில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றுகிற வேன்காரர்கள், இரும்புக் கழிவு ஏற்றுகிற மினி லாரிக்காரர்கள், கவரைப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரை எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. நான் வண்டி எலக்ட்ரிசியன். இன்ஜினைப் பிரித்துப் போடுகிற மெக்கானிக் வேறு. வயர், பேட்டரி, டைனமோ, செல்ஃப் மோட்டார், இவைதான் என் பிழைப்பு. அந்த விதியைப் போன தை மாதத்தோடு எடுத்துவிட்டேன். ஏன் எடுக்க வேண்டி வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

விதி எதற்கு என்று முதலில் சொல்ல வேண்டும். டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டிபோல் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தினால் அது சூடாகும், அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான் சூத்திரம். வண்டி பழசாகி அழுத்தம் குறைந்துபோனால் விடியற்காலையில் அந்தச் சூடு போதாது. எங்கள் ஊர்க் குளிரெல்லாம் ஒரு குளிரா என்று நீங்கள் கேட்கலாம். கிழட்டு இன்ஜினுக்கு அதுவே அதிகம். அதற்காக ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் விரல் நீளத்துக்கு ஒரு பிளக் வைத்திருப்பார்கள். சாவியைத் திருப்பினால் அதன் முனை பத்து எண்ணுவதற்குள் பழுக்கக் காய்ந்துவிடும். புத்தகத்தில் அதற்குக் குளோ பிளக் என்று பெயர். எங்கள் பக்கம் ஹீட்டர். அது காய்கிற நேரம் டாஷ்போர்டில் சுருள் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும்.

ஹீட்டர் செத்துப்போனால் அதைச் சரி செய்யாமல் சமாளிக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஒரு துணியைப் பெட்ரோலில் நனைத்து ஏர் ஃபில்டர் வாயில் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிப்பது. ஆவி உள்ளே போகும், வண்டி குலுங்கிக்கொண்டு எடுக்கும். ஹீட்டர் செத்த வண்டியில் இதைச் செய்தால் இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும், அதற்கு மேல் பெரிதாக எதுவும் ஆகாது. ஹீட்டர் உயிரோடு இருக்கிற வண்டியில் செய்தால் கதை வேறு. உள்ளே போகிற ஆவி, காற்று நுழைகிற வால்வு மூடுவதற்குள்ளாகவே பழுத்த முனையில் பட்டுப் பற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி வெளியே வரும். வெளியே பெட்ரோல் துணி இருக்கும். துணியைப் பிடித்த கை இருக்கும். கைக்குப் பின்னால் குனிந்த முகம் இருக்கும்.

மீஞ்சூரில் நான் வேலை செய்துகொண்டிருந்த ஷெட்டில் ஒருவருக்கு அப்படி ஆனதை அருகில் நின்று பார்த்தேன். புருவம் இரண்டும் போயிற்று, கண் தப்பியது. அன்றைக்கு முடிவு செய்தேன், சொந்தக் கடை போட்டால் இந்தத் துணிக்காரர்களை வாசலிலேயே விடுவதில்லை என்று. விடவுமில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். யாராவது துணி வைத்தேன் என்று சொல்லிவிட்டால், டீக்கடையில் நிற்கிறவர்கள் கேட்கும்படி வாய்க்கு வந்ததைப் பேசி அனுப்புவேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது என்பதை இப்போது மறைத்துப் பயனில்லை. நல்லதுக்குத்தானே திட்டுகிறோம் என்று சொல்லிக்கொள்வேன்.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்த வேன் வந்து நின்றது. ஒரு காலத்தில் பள்ளிக்கூட வேனாக இருந்தது, மஞ்சள் பெயிண்டுக்கு மேல் வெள்ளை அடித்திருந்தார்கள். டிரைவரும் அவனே, முதலாளியும் அவனே. முப்பத்தைந்து வயதிருக்கும். அவனுடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவன் உருக்காலையில் எட்டு வருடம் வெந்துவிட்டு, இந்த வேனை வாங்கி, பிளாஸ்டிக் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனிக்கு முதல் ஷிஃப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தான். எனக்குப் பழக்கம். என்னை அண்ணா என்பான், நான் அவனை நைனா என்பேன்.

வேன் நின்றது, இன்ஜின் நிற்கவில்லை. அவன் இறங்கி வந்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆஃப் பண்ணிட்டு வா நைனா. டீசல் இன்னா சும்மா வருதா?"

"ஆஃப் பண்ணா திரும்ப எடுக்காதுண்ணா. காலைல அஞ்சு மணிலேர்ந்து இப்டியேதான் ஓடிக்கினு கீது."

ஐந்து மணி நேரமாக அவன் வண்டியை அணைக்கவே இல்லை. கம்பெனி வாசலில் பெண்களை இறக்கிவிட்டு, நாஷ்டா சாப்பிடும்போதும் அணைக்காமல், கடை திறக்கும் வரை ரோட்டோரம் ஓட விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த மாதத்தில் மூன்று நாள் வேன் எடுக்காமல் ஷிஃப்டுக்குத் தாமதமாகியிருந்தது. பதினெட்டுப் பெண்களுக்கும் மூன்று நாளும் அரை நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள். இன்னொரு முறை தாமதமானால் வேறு வேன் போட்டுவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவன் அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவே இல்லை. நாளைக் காலை இந்த வேன் எடுக்கவில்லை என்றால் மறுபடியும் உருக்காலைதான், அது அவன் முகத்திலேயே தெரிந்தது.

நான் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"பெட்ரோல் துணி வெச்சியா? வெச்சிருந்தா இப்பவே சொல்லிட்டு வண்டிய எடுத்துக்கினு போய்டு. அப்பறம் நானா பாத்தேன், நல்லா இருக்காது."

இப்படிக் கேட்டால் எவன் ஆமாம் என்பான்?

"ஐயோ, இல்லண்ணா. தள்ளித்தான் ஸ்டார்ட் பண்றேன்."

"யாரு தள்ளுறது?"

"நானும் ஊட்டுக்காரியும்."

"ரெண்டு பேரு தள்ளி இந்த வேனு நவுருதா?"

"ஊட்டாண்ட சரிவுண்ணா."

எங்கள் பக்கம் சரிவு என்றால் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் வழித்துவிட்ட தரைபோலக் கிடக்கும், மழை பெய்தால் தண்ணீருக்கே எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாது. பொய் என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. இருந்தும் சரி, பானெட்டைத் திற என்றேன்.

ஹீட்டர் கோளாறு பார்க்க வேண்டுமானால் இன்ஜின் ஆற வேண்டும். அணைக்கச் சொன்னேன். அவன் சாவியில் கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு அணைத்தான். அவ்வளவு நேரம் காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றதும், எதிரில் இருந்த இரும்புக் கம்பெனியின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவன் வண்டியைவிட்டு நகராமல், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு நிற்கிறவன்போல நின்றான்.

மேலோட்டமாக ஆறியதும் வேலையைத் தொடங்கினேன். சாவியைத் திருப்பினால் மஞ்சள் விளக்கு எரியவில்லை. பல்பு நல்ல பல்புதான். பானெட்டுக்குள் ரிலேயின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவனைச் சாவி திருப்பச் சொன்னேன். ஹீட்டருக்குப் பெரிய கரண்டை எடுத்துக் கொடுப்பது அந்த ரிலேதான். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். விரலுக்கடியில் டக்கென்று ஒரு துடிப்பு வந்தது. ஆணை வருகிறது, வேலை நடக்கவில்லை. டெஸ்ட் லைட்டை ரிலேக்கு உள்ளே வருகிற தடித்த வயரில் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. வெளியே போகிற வயரில் வைத்தேன், இருட்டு. ரிலேயைக் கழற்றி மூடியை நெம்பிப் பார்த்தால், உள்ளே தொட்டுக்கொள்ள வேண்டிய இரண்டு முனையும் கரியாகிக் கிடந்தன. எங்கள் ஊர்க் காற்றில் பறக்கிற இரும்புத் தூசி அதன் மேல் மாவுபோலப் படிந்திருந்தது.

இது முதல் கோளாறு. ரிலே வாங்கிப் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். யாரோ அப்படிச் செய்யவில்லை. கறுப்பு டேப் சுற்றிய ஒரு வயர், பேட்டரியிலிருந்து கிளம்பி ஃபியூஸ் எதுவும் இல்லாமல் டாஷ்போர்டுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அந்த வயரைத் தொடர்ந்து கையை விட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, பார்வைக்குத் தெரியாத இடத்தில், ஆட்டோவில் இருந்து கழற்றிய ஒரு ஹாரன் பட்டன் இருந்தது. அமுக்கினேன். பானெட்டுக்குள் நான் மாட்டி வைத்திருந்த டெஸ்ட் லைட் கண் கூசும்படி எரிந்தது.

"யாரு இந்த டைரக்ட்டு குடுத்தது?"

"வாங்கும்போதே இருந்துச்சுண்ணா. பட்டன அமுக்கிக்கினு இருந்தா எடுக்கும்னாங்க."

"எவ்ளோ நேரம் அமுக்குவ?"

"எடுக்கற வரைக்கும். ரெண்டு நிமிசம் ஆவும்."

பத்து விநாடி காய வேண்டியதை இரண்டு நிமிடம் காய வைத்திருக்கிறான். நான்கு ஹீட்டருக்கும் குறுக்கே போகிற பித்தளைப் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தேன். டெஸ்ட் லைட்டை பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி ஹீட்டர் தலையில் தொட வேண்டும். எரிந்தால் உயிர் இருக்கிறது. முதலாவது இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவதும் இல்லை. நான்காவது இல்லை. வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒன்றின் முனை வீங்கியிருந்தது, மற்ற மூன்றிலும் வெடிப்பு. வீங்கியது இன்னும் கொஞ்ச நாளில் உடைந்து உள்ளே விழுந்திருந்தால் பிஸ்டனே போயிருக்கும். அதற்கு அவனை நன்றாகத் திட்டினேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

ஒரு ரிலேயைச் சரி செய்யாமல் பட்டன். பட்டன் ஹீட்டரைத் தின்றது. ஹீட்டர் போனதும் என்ன வந்திருக்கும் என்பதற்கு நான் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஏர் ஃபில்டர் மூடியின் ஒரு கிளிப் உடைந்து, மூடி தினமும் கழற்றி மாட்டியதுபோல வழவழவென்று இருந்தது. மூடியை எடுத்ததும் வாசனை வந்தது. டீசல் வண்டியில் வரக்கூடாத வாசனை. ஃபில்டர் வாயின் ஓரத்தில் நீலப் பூப்போட்ட நைட்டித் துணியின் ஒரு நூல் சிக்கிக்கொண்டிருந்தது.

அவனைப் பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த இடத்தில் நான் செய்ததைப் பலமுறை யோசித்துவிட்டேன். கேட்டிருந்தால் அழுதுகொண்டு ஒப்புக்கொண்டிருப்பான். ஒப்புக்கொண்டால் என் விதிப்படி வேனை அப்படியே தள்ளிவிட வேண்டும். டீக்கடைக்காரரும் இரண்டு டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் வருவார்கள். தள்ளிவிட எனக்கு மனமில்லை, அவன் பாடு எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. நூலை மூக்கு பிளையரால் எடுத்துச் சாக்கடையில் போட்டேன். எனக்குத் தெரியும் என்று அவனிடம் காட்டிக்கொள்ளாமல் வேலையைத் தொடர்ந்தேன். பெரிய மனசு காட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் வரை வேலை இருந்தது. நான்கு ஹீட்டரும் புதிது, ரிலே புதிது, சரியான ஃபியூஸ். பித்தளைப் பட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் வயரின் நட்டு துருப்பிடித்திருந்தது, அதையும் சுரண்டி முறுக்கினேன். ஹாரன் பட்டனைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். மூன்று மணிக்கு இன்ஜின் முழுக்க ஆறியிருந்தது. சாவியைத் திருப்பினான். மஞ்சள் விளக்கு வந்தது. பத்து எண்ணினேன், அணைந்தது. செல்ஃப் அரைச் சுற்றுகூடச் சுற்றவில்லை, வேன் எடுத்துவிட்டது. புகைகூட இல்லை.

அவனுக்கு நம்ப முடியவில்லை. அணைக்கச் சொல்லி, மறுபடி எடுக்கச் சொன்னேன். சூட்டில் எடுக்கத்தான் செய்யும், இருந்தாலும் அவன் மனசுக்காக.

"இவ்ளோதான் நைனா. லைட்டு அணையற வரைக்கும் பொறு. அணைஞ்சப்பறம் அடி. அவசரப்படாத."

"சரிண்ணா. ஊட்டுக்காரிக்கும் சொல்லிடறேன்."

போய்விட்டான். நான் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்த்தேன்.

மறுநாள் நாலரைக்கு எழுந்தேன். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்குத்தான் தண்ணீர் விடுவார்கள். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுப் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். பனி இறங்கியிருந்தது. தெருவிளக்குக்குக் கீழே மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது, மற்ற இடமெல்லாம் கறுப்பு. பனியோடு சேர்ந்து உருக்காலைப் புகையும் தரையை விட்டு எழாமல் படுத்திருந்தது, தொண்டையில் கரித்தது. எங்கேயோ ஒரு வண்டி செல்ஃப் அடித்து அடித்து எடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் அவன் நினைவு வந்தது. அவன் வேன் இன்றைக்கு ஒரே அடியில் எடுத்துவிடும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. ஊட்டுக்காரிக்கும் சொல்லிடறேன் என்றானே, அவளிடம் ஏன் சொல்ல வேண்டும்? வண்டி ஓட்டுகிறவன் அவன். விளக்கைப் பார்க்க வேண்டியவன் அவன். அவள் ஏன் விளக்கைப் பார்க்க வேண்டும்?

ஏனென்றால் சாவி அவள் கையில் இருக்கிறது. தினமும் அவள்தான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து செல்ஃப் அடிக்கிறாள். அவன் முன்னால் பானெட்டைத் திறந்துகொண்டு துணியோடு நிற்கிறான்.

ஹீட்டர் சரியாகிவிட்டது, துணி தேவையில்லை என்று அவனுக்கே தெரியாதா என்று மனசு சமாதானம் சொன்னது. தெரியாது. யார் சொன்னார்கள்? அந்த முதல் கேள்விக்குப் பிறகு துணியைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. மூன்று முறை தாமதமானவன், இன்றைக்கு எடுக்கவில்லை என்றால் பிழைப்பு போகிறவன், புது ஹீட்டரை மட்டும் நம்புவானா? இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும் என்றுதான் நினைப்பான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வாய் கொப்பளிக்காமலே உள்ளே போய் போனை எடுத்தேன். மணி நாலு ஐம்பது. மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். முழுதாக அடித்து நின்றது. மூன்றாம் முறை பாதியில் கட்டாகிவிட்டது. யாரோ கட் செய்திருக்கிறார்கள். குடம் வழிகிறது என்று என் மனைவி தெருவில் இருந்து குரல் கொடுத்தாள். நான் பைக்கை எடுத்தேன்.

அவன் வீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். சர்வீஸ் ரோட்டில் ஆந்திரா போகிற லாரிகள் வரிசையாக நின்றிருந்தன, டிரைவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனேன். சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். துணி வேணாம், துணி வேணாம். இந்த இரண்டு வார்த்தையை நேற்று மத்தியானம் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மெயின் ரோட்டிலிருந்து அவன் ஊருக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு பஸ் நிழற்குடை. ஆறேழு பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டு சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார்கள். அந்த வேனில் ஏறுகிறவர்கள்தான். பைக்கை நிறுத்தினேன்.

"வேனு வந்துச்சாம்மா?"

"வர்லியே. இன்னிக்கும் பேஜாருதான் போல," என்றாள் ஒருத்தி. எல்லோரும் ரோட்டின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருப்பத்தில் திரும்பி இரண்டு பக்கமும் வயலாக இருந்த ரோட்டில் போனேன். ஊர் விளக்குகள் தெரியத் தொடங்கின. அப்போதுதான் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. லாரி டயர் வெடிப்பதில் பாதிகூட இல்லை. டொப்பென்று ஒன்று. உடனே நாய்கள் குரைத்தன. நாய்க் குரைப்புக்கு அடியில், ஒரு சீரான இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது.

நான் போனபோது வேனின் முன்பக்கத்தில் புகை மட்டும் இருந்தது, தீ இல்லை. பக்கத்து வீட்டு மனிதர் கீழே கிடந்த தண்ணீர் பாட்டிலைக் காலால் தூர உதைத்துக்கொண்டிருந்தார். அதில் பாதி பெட்ரோல் இருந்தது. அதுவும் பிடித்திருந்தால் நான் எழுத வேறு ஏதாவதுதான் இருந்திருக்கும். அவன் தெருக்குழாய்க்குக் கீழே குந்தியிருந்தான். ஒரு கிழவர் அவன் வலது கைமேல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முழங்கை வரை பார்க்கச் சகிக்கவில்லை. கன்னமும் காதும் வலது பக்கம் வெந்திருந்தன. அவன் கத்தவில்லை. மூச்சை மட்டும் பல்லுக்கிடையில் இழுத்து இழுத்து விட்டான்.

வேன் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அணைக்கத் தோன்றவில்லை. டிரைவர் சீட்டில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள், கை இன்னும் சாவியைப் பிடித்தபடி. என்னைப் பார்த்ததும் பேசினாள்.

"நீ சொன்ன மாரிதாண்ணா செஞ்சேன். லைட்டு அணையற வரைக்கும் பொறுத்துக்கினு இருந்தேன். அணைஞ்சப்பறந்தான் அடிச்சேன்."

அவள் சொன்னது உண்மை. விளக்கு அணையும் வரை பொறுமையாகக் காத்திருந்து, நான்கு ஹீட்டரும் நன்றாகப் பழுத்த நேரத்தில் அடித்திருக்கிறாள். அவசரக்காரியாக இருந்திருந்தால் அவ்வளவு மோசமாக ஆகியிருக்காதோ என்னவோ. நான் கொடுத்த யோசனையில் ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு நிற்க எனக்குப் பொறுக்கவில்லை. ஓடுகிற வண்டி ஒன்று எதிரில் இருந்தது. ஏர் ஃபில்டர் குழாய் பிய்ந்து தொங்கியது, அவ்வளவுதான் சேதம். அவனை நடு சீட்டில் ஏற்றினோம், கைமேல் ஈரத்துணி. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்தான் ஓட்டினேன். நிழற்குடையைத் தாண்டும்போது பெண்கள் வேனைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் வந்தார்கள். நான் நிறுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது இரண்டு பேர் கையை நீட்டியபடி நின்றிருந்தார்கள்.

அந்த வேன் அவ்வளவு நன்றாக ஓடியது. எந்த கியரிலும் இழுக்கவில்லை, ஒரு தடவைகூடத் திணறவில்லை.

மெயின் ரோடு வந்த பிறகு அவள் சொன்னாள். அழுகை இல்லாமல், ஏதோ கணக்கு ஒப்பிப்பதுபோல.

"நீ மூணு வாட்டி போன் பண்ண. என் கைலதான் இருந்துச்சு போனு. அண்ணன் கூப்புடுறாருன்னு சொன்னேன். எடுக்காத, துணி வெக்கறது எப்டியோ தெரிஞ்சுபோச்சு, காலங்காத்தால திட்டுவாருன்னாரு இவரு. மூணாவது வாட்டி இவருதான் கட் பண்ணச் சொன்னாரு."

எனக்கு அழுகை வந்தது, அழவும் வெட்கமாக இருந்தது. பின்னால் அவன் இருக்கிறான். அவனுக்கு நான் யார் என்பது எனக்கு அந்த வேனில்தான் தெரிந்தது. நல்லதுக்குத் திட்டுகிறவன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள், அவனுக்கு விடியற்காலையில் போனை எடுக்கப் பயப்பட வேண்டிய ஆளாக இருந்திருக்கிறான்.

இங்கே அரசு ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து சென்னைக்கு அனுப்பினார்கள். கம்பெனிக்கு அன்றைக்கே வேறு வேன் வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் கழித்துத் தீக்காய வார்டுக்குள் என்னை விட்டார்கள். கண் தப்பிவிட்டது, கன்னம் ஆறிவிடும் என்றார் நர்ஸ். கைதான் சரியில்லை; விரல்கள் மடங்கியபடியே இறுகிக்கொண்டு வருகின்றன, ஆபரேஷன் செய்தாலும் ஸ்டியரிங் பிடிக்கிற அளவுக்கு விரியுமா என்று சொல்ல முடியாது. உருக்காலையிலும் இனி சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றதும் திரும்பினான். என்னைக் கண்டவுடன் அவன் முதலில் செய்தது, கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டதுதான். அதற்கே வலித்திருக்கும், உதட்டைக் கடித்துக்கொண்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பேசிவிட்டான்.

"அன்னிக்கு ஒரு நாளுதாண்ணா வெச்சேன். சத்தியமா. அதுக்கு முன்னாடி வெச்சதே இல்ல."

"நான் திட்ட வர்ல நைனா," என்றேன்.

அவன் நம்பவில்லை. போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டு, நான் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தான்.